ஆகாத அவரை

இந்த ஏப்ரலில் முதன்முறையாக
மேசையை வெளியே எடுத்தோம்.
வாசல் குறுகல். மேசை பிடிவாதம்.
நான் பின்னாலிருந்து தூக்க, அர்கிரோ முன்னாலிருந்து இழுக்க,
"சாய், இன்னும் சாய், அது என் முட்டி, மேசை இல்லை" என்று
அவள் போட்ட கூச்சலில்
படியில் கிடந்த பூனை எழுந்து போனது.
மல்பெரி மரத்தடியில் இறக்கினோம்.
ஒரு கால் மட்டும் தரை தொடவில்லை.
மின்கட்டண ரசீதை எட்டாக மடித்து முட்டுக் கொடுத்தேன்.
பிப்ரவரி ரசீது.
குளிர்காலம் முழுக்க எங்களை மிதித்தது,
கொஞ்ச நாள் மேசை அதை மிதிக்கட்டும்.

லிம்னோஸில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
விரிப்பின் நான்கு மூலைக்கும் கடற்கரைக் கற்கள்.
ரொட்டி,
வெயிலில் உலர்த்திய ஆட்டுப்பாலாடைக் கட்டி,
வெங்காயத்தாள், முள்ளங்கி,
தகர டப்பாவிலிருந்து நேராகச் சாய்த்த ஆலிவ் எண்ணெய்.
நடுவில் சட்டி. அதில்
கூனைப்பூவும் பச்சைப் பட்டாணியும்.

ஊரில் மற்ற வீடுகளில்
கூனைப்பூவுக்கு ஜோடி கூக்கியாதான்:
தடித்த தோலுக்குள் பஞ்சுமெத்தை விரித்துப்
படுத்திருக்கும் பெரிய அவரை.
எனக்கு அது ஆகாது.
இரத்தத்தில் ஏதோ ஒன்று பிறவியிலேயே குறைவு.
ஏழு வயதில் ஒரு கைப்பிடி தின்றேன்.
இரண்டாம் நாள் கண் மஞ்சள்,
மூத்திரம் கடுங்காப்பி.
மிரினா ஆஸ்பத்திரியில் டாக்டர் என் பெயரைக் கேட்கவில்லை,
"எத்தனை தின்றான்?" என்றுதான் கேட்டார்.

இப்போது ஐம்பத்திரண்டு.
இன்றும் அந்தப் பாத்தி பூத்தால்
தெருவின் மறுபக்கம் நடக்கிறேன்.
வெள்ளைப் பூவில் ஒரு கறுப்புத் தீற்றல்,
கண்படாமல் இருக்க மையிட்ட குழந்தையின் கன்னம் போல.
அழகுதான். யார் இல்லை என்றார்கள்.

என்னைக் கட்டிய நாள் முதல்
அர்கிரோவின் சட்டியில் பட்டாணி.
தியாகம் என்று ஒருநாளும் அவள் சொன்னதில்லை.
சொன்னால் பட்டாணியே சிரித்துவிடும்.

காலையில்
"எவ்தோக்கியாவிடம் எலுமிச்சை வாங்கி வருகிறேன்" என்று போனாள்.
அரை மணி நேரம்.
பக்கத்துச் சுவர் என் தோளுயரம்.
அதற்கு அப்பால் காய் பிளக்கும் 'பட்', மறுபடி 'பட்',
உப்புக் கிண்ணம் கல்லில் உரசும் ஓசை,
ஊசோவின் சோம்பு வாசனை,
அவ்வப்போது
பதினேழு வயதில் மட்டுமே வரக்கூடிய ஒரு சிரிப்பு.
நான் சுவரருகே போகவில்லை.
முள்ளங்கி கழுவினேன். கழுவியதையே திரும்பக் கழுவினேன்.
சட்டியில் உப்புப் போட்டேன்.

வந்தாள். எலுமிச்சையை மறந்திருந்தாள்.
மறுபடி போய் வந்தாள்.

இப்போது எனக்குப் பரிமாறுகிறாள்.
கூனைப்பூ ஆய்ந்து கறுத்த விரல்கள்,
அச்சகத்திலிருந்து நேராக வந்தவள் போல.
அந்தக் கறுப்பில்
கட்டைவிரல் நகத்தடியில் மட்டும்
ஒரு கீற்றுப் பச்சை.
பட்டாணியும் பச்சைதானே என்று வாதாடலாம்.
இருபத்தெட்டு வருடம் கப்பலில் மின்கம்பி பார்த்தவன் நான்,
ஒரே பச்சை என்று இரண்டைச் சேர்த்தால்
என்ன ஆகும் என்று தெரியும்.

"என்ன பார்க்கிறாய்?"
"உப்பு" என்றேன். "கொஞ்சம் தூக்கல்."
"நீதானே போட்டாய்."
ஆமாம். நான்தான்.

சாற்றில் ரொட்டியைத் தோய்த்தோம்.
சதகுப்பைத் தழையின் மணம் மூக்கில் ஏறியது.
மல்பெரி இலை இன்னும் எலிக்காது அளவுதான்,
நிழலுக்குப் போதாது.
வெயில் எங்கள் தட்டுக்குள்ளேயே உட்கார்ந்து தின்றது.

எனக்கு என்னவோ தோன்றியது.
சுவரைப் பார்த்துக் கத்தினேன்:
"எவ்தோக்கியா! இந்த வருடம் கூக்கியா எப்படி?"
சற்றுப் பொறுத்துக் குரல் மட்டும் வந்தது:
"முற்றிவிட்டது, பாந்தெலி. வாயில் வைக்க முடியவில்லை."
"முற்றலா? வெண்ணெய் மாதிரி இருந்தது!"
என்றாள் அர்கிரோ,
வாய் நிறைய ரொட்டியோடு.

அப்புறம் தன் நகத்தைப் பார்த்தாள்.
நான் தட்டை நீட்டினேன்,
இன்னும் கொஞ்சம் பட்டாணி.