குளிர் விலக்கு

ஓவுலு நகரம். ஜனவரி.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
அலுவலக வாசலில் நாங்கள் உரித்துப் போடும்
கம்பளி, அதற்கடியில் இருந்த கம்பளி,
அதற்கும் அடியில் இருந்த இன்னொன்று
ஆணிகளில் தொங்கிச் சொட்டுகின்றன.
ஆள் பாதி ஆடை பாதி என்பதை
இங்கே வானிலை நிலையமே ஒப்புக்கொள்ளும்.

எங்கள் விளையாட்டில் குளிரை எழுதியவள் நான்.
ஒன்பது மாதம்.
காற்றின் வேகம், ஈரம், உடற்சூடு,
தோலில் எத்தனை விழுக்காடு திறந்திருக்கிறது,
எல்லாம் கணக்கில் வரும்.
என் குளிருக்கு முகதாட்சண்யம் கிடையாது.

ஹல்வார் கரடித்தோலில் வருவான்.
கழுத்துவரை ரோமம், முழங்கால்வரை பூட்ஸ்.
மூன்று மலையும் தாண்டிக்
கோட்டைக் கதவைத் தட்டுவான்.

ஈத்ராவின் கவசம்
இரண்டு கிண்ணமும் ஒரு பட்டையும்.
தொடைக்கு இரும்பு உண்டு, வெளிப்பக்கம் மட்டும்
(அம்புகளுக்கு அந்த நாகரிகம் தெரியும் போல).
குதிகால் உயரம் ஏழு சென்டிமீட்டர்,
பனியில்.

முதல் சோதனை ஓட்டத்தில்
நாற்பத்தொரு நொடியில் செத்தாள்.
வெய்க்கோ மறுபடி ஓட்டினான். முப்பத்தெட்டு.
ஓடவிட்டுப் பார்த்தான்,
நெருப்பருகே உட்காரவைத்துப் பார்த்தான்.
எதிரி ஒருவனும் அவளைத் தொடவில்லை.
முதல் மலை ஏறுமுன்பே
மண்டியிட்டு, அழகாகச் சரிந்தாள்.
அறிக்கையில் எழுதினான்: "குளிரில் பிழை."

கூட்டம் போட்டார்கள்.
நான் கேட்டது ஒரு கோட்டு.
ஒரே ஒரு கோட்டு, அதன் துணி அசையும் கணக்கையும்
நானே போட்டுத் தருகிறேன் என்றேன்.
டார்மோ சுவரைக் காட்டினார்:
போஸ்டர் அச்சாகிவிட்டது,
பொம்மை வார்த்தாகிவிட்டது.
கெட்ட மனிதர் இல்லை. இரண்டு மகள்கள்.
காலையில் அவர்களின் காதுக்குல்லாயைத்
தாடைக்கடியில் இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் வருகிறார்.
"அவளுக்குக் குளிரை எடுத்துவிடலாமே" என்றார்.

எடுத்தேன்.
ஒரு வரிதான்.
ஈத்ரா என்றால் குளிர் இல்லை.
இப்போது அவள் தோளில் பனி விழுகிறது,
உருகவுமில்லை, உறைக்கவுமில்லை.

அந்த உடலுக்கு அசைவு தந்தவள் சைமி கெம்ப்பைனன்.
முன்பு பனிச்சறுக்கில் போய்த்
துப்பாக்கி சுடும் பந்தயங்களில் இருந்தவள்.
கதவளவு தோள்.
வெள்ளைப் புள்ளிகள் ஒட்டிய கறுப்பு உடையில்
கால்களை அகல ஊன்றி வாள் வீசினாள்.
பிறகு யாரோ அந்தக் கால்களைச் சேர்த்துவைத்தார்கள்,
இடுப்பை ஒரு பக்கம் ஒடித்தார்கள்,
அவள் மூச்சு வாங்கியதை வெட்டினார்கள்.

வெட்டிய துண்டுகள் சர்வரில் கிடந்தன.
அதில் ஒன்று, அரங்கில் ஹீட்டர் கெட்டிருந்த நாள்.
கேமராக்கள் நின்றுவிட்டதாக நினைத்து
வாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
உள்ளங்கைகளைக் குவித்து ஊதுகிறாள்.
இரண்டு தேய்ப்பு. மறுபடி ஊதல்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் சவுனாவுக்குப் போனபின்
அதை எடுத்து ஈத்ராவுக்குள் வைத்தேன்.
ஆடுகிறவர் மூன்று நிமிடம்
எதையும் அழுத்தாமல் இருந்தால்,
காபி போடவோ, அழும் பிள்ளையைப் பார்க்கவோ
எழுந்து போயிருந்தால்,
யாருமில்லாத அந்த மலையடிவாரத்தில்
அவள் கைகளை ஊதிக்கொள்வாள்.

திங்கள் காலை என் மேசையில்
பிழை எண் 4117. எழுதியவன் வெய்க்கோ.
"பாத்திரத்துக்குக் குளிர்கிறது. திருத்தவும்."
அவசரம்: குறைவு.
பொறுப்பு: நான்.
நிலை: திறந்திருக்கிறது.

மாலையில் என்னைத் தாண்டிப் போனபோது
அவன் ஒன்றும் கேட்கவில்லை.
ஒற்றைக் கையுறையைத் தேடிக்கொண்டிருந்தான்.