மற்றவை

பதினேழு நிமிடம் ஒரே மெட்டை ஓடவிட்டு
கடைசியில் வருகிறது உங்கள் குரல்.
கேலம் என்று பெயர் சொன்னீர்கள்.
வாடிக்கையாளர் எண், பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு
எல்லாம் ஒப்பித்தாயிற்று.
இப்போது, விலகும் காரணம்.
விலையா, வேறு நிறுவனமா, வீடு மாற்றமா,
மற்றவையா?

மற்றவை என்று போட்டுக்கொள்ளுங்கள்.

விலை உறுத்துகிறதுதான்.
ஸ்டோக்கில், இந்தத் தெருவில்,
யாருக்குத்தான் உறுத்தாது?
ஆனால் அதில்லை.

போன ஞாயிறு நாலரை மணி ஆட்டம்.
பந்து பின்னால் போகிறது.
தடுப்பாட்டக்காரனிடமிருந்து கோல்கீப்பருக்கு,
அவனிடமிருந்து இன்னொரு தடுப்பாட்டக்காரனுக்கு,
மறுபடி கோல்கீப்பருக்கே.
கடன் கேட்டு வந்தவளை
இந்த மேசைக்கும் அந்த மேசைக்கும் அலையவிடும் வங்கி மாதிரி.
எழுந்துபோய்த் தேநீர் போட்டேன்.
பூனைக்கு வைத்தேன்.
ஜன்னல் கொக்கியில் எண்ணெய் விட்டேன்.
திரும்பி வந்தால் பந்து அங்கேயே.
வர்ணனையாளர் அதைப் பொறுமை என்கிறார்.
என் பொறுமையை யாரும் வர்ணிப்பதில்லை.

அந்தக் காலம் பொற்காலம் என்று
நான் சொல்ல வரவில்லை, கேலம்.
அப்போதும் பாதி ஆட்டம் சேற்றில் தூங்கும்.
ஆனால் கோல் விழுந்தால் கோல்.

எழுபத்தொன்றாம் நிமிடம் விழுந்தது.
துள்ளி எழுந்தேன்
(இடது முழங்கால் செயற்கை, அதற்கே மறந்துவிட்டது).
கைகள் பாதி உயரத்தில் இருக்கையில்
நடுவர் காதில் விரலை வைத்தார்.
நான்கு நிமிடம்.
ஒரு பையனின் அக்குளுக்கு நீலக்கோடு,
இன்னொருவன் குதிகாலுக்குச் சிவப்புக்கோடு.
உயர்த்திய கைகளை எங்கே வைப்பது என்று
எனக்குத் தெரியவில்லை.
கம்பளக் கடையில் முப்பது வருடம் அளவெடுத்தவள் நான்.
அரை அங்குலத்தை விட்டுக்கொடுக்கத் தெரியாதவன்
கடை நடத்த முடியாது.
கோல் இல்லை என்றார்கள்.
கைகளை இறக்கினேன்.

இன்னொன்றும் உண்டு.
உங்கள் ஒளிபரப்பு இணையத்தில் ஊர்ந்து
என் வீட்டுக்கு வர அரை நிமிடம் தாமதம்.
பக்கத்து வீட்டு டெஸ்மண்டுக்குக் கூரையில் தட்டு.
இங்கே பந்து மைதான நடுவில் தூங்கும்போதே
அங்கே அவர் கத்திவிடுவார்.
மூன்று வருடமாக எனக்குக் கோல்
சுவர் வழியாகத்தான் வருகிறது.

அதனால்தான் திங்கள் இரவு
படம் உறைந்து சக்கரம் சுழலத் தொடங்கியதும்
தொலைக்காட்சியை அணைத்தேன்.
நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன்.

என்ன ஆட்டம் அது!
"இடது, இடது!" என்கிறார் டெஸ்மண்ட்.
"விடாதே" என்கிறாள் அவர் மனைவி லொரெய்ன்.
ஏதோ கம்பத்தில் மோதியது மாதிரி ஒரு சத்தம்,
அப்புறம் மூச்சுவிடாத அமைதி,
ஒரு கெட்ட வார்த்தை,
கடைசியில் இருவரும் சேர்ந்து
ஓ என்று ஒரு கூச்சல்.
இருட்டில் நானும் எழுந்து நின்று கத்தினேன்.
இந்த முறை கைகள் முழு உயரம் போயின.

காலையில் குப்பைத்தொட்டி அருகே கேட்டேன்,
கடைசி கோல் யார் போட்டது என்று.
"எந்தக் கோல்?" என்றார் டெஸ்மண்ட்.
"நேற்று ஆட்டமே பார்க்கவில்லை.
சமையலறையில் அலமாரி மாட்டினோம்."

இந்தப் பருவத்தில் நான் ரசித்தது
அந்த ஓர் ஆட்டம்தான், கேலம்.

அரை விலைக்குத் தருகிறேன் என்கிறீர்கள்.
ஆறு மாதத்துக்கு.
வேண்டாம்.
ரத்து செய்துவிடுங்கள்.

தட்டச்சு ஓசை கேட்கிறது.
நிற்கிறது.
பிறகு, உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு கேள்வியை
குரலைத் தாழ்த்திக் கேட்கிறீர்கள்:
அலமாரி நின்றதா?

நிற்கிறது.
கொஞ்சம் சாய்வாம்.
யாரும் கோடு போட்டுப் பார்க்கவில்லை.