எட்டு நிமிடம் சும்மா

கொயிம்ப்ரா மருத்துவமனை, நிலத்தடித் தளம்.
செவ்வாய் இரவுகளில் காந்தம்
ஆய்வுக்காரர்களுக்கு.
நான் தெல்மு. பொத்தான் அழுத்துகிறவன்.

ஏழாவதாக வந்தவர் சுல்மீரா.
கொவில்யாவின் கம்பளி ஆலையில்
முப்பத்தொரு வருடம் தறி.
பிறகு பதினாலு வருடம்
தறி இல்லாமல் அதன் இரைச்சல் மட்டும்.
படிவத்தில், எந்தக் காது என்ற கேள்விக்கு
இரண்டையும் அடித்துவிட்டு
ஓரத்தில் எழுதியிருந்தார்:
நடுவில்.

காதணி, மோதிரம், சட்டை ஊக்கு,
உலோகம் எல்லாவற்றையும் தட்டில் வைத்தார்.
"இதையும் வைக்கலாமா?" என்று
நெற்றியின் ஓரத்தைத் தொட்டார்.
சிரித்திருக்கக் கூடாது. சிரித்தேன்.
அவரும்தான்.

அச்சிட்டிருந்ததை அப்படியே வாசித்தேன்.
அசையாதீர்கள். கண்ணை மூடுங்கள்.
தூங்கிவிடாதீர்கள்.
எதையும் குறிப்பாக நினைக்காதீர்கள்.
எட்டு நிமிடம்
சும்மா இருங்கள்.

"அது தெரிந்தால்
இங்கே ஏன் வருகிறேன்" என்றார்.

டாக்டர் இலீதியா எனக்குச் சொன்னது இது:
வேலை முடிந்த பிறகு கூடும் கூட்டம் ஒன்று
எல்லார் தலையிலும் உண்டு.
நேற்றைய சூப், நாளைய வாடகை,
செத்துப்போனவன் சொன்ன நகைச்சுவை
என்று ஓயாத அரட்டை.
இன்னொரு கூட்டம் காவலுக்கு.
கதவு தட்டினால் எழும்.
ஒன்று உட்கார்ந்தால் மற்றது எழுவது வழக்கம்.
வருடக்கணக்காக இரைச்சல் கேட்டவர்கள் பலரில்
அரட்டைக் கூட்டத்திலிருந்து ஒருத்தி எழுந்துபோய்
காவலோடு நின்றுவிடுகிறாள்,
வாசலைப் பார்த்தபடி.
தட்டினவர் யாரும் இல்லை.
திரும்பி வரவும் மனசில்லை அவளுக்கு.

பலருடைய சராசரி இது, என்றார் டாக்டர்,
ஒருவர் படத்தை மட்டும் வைத்து
ஒன்றும் சொல்லிவிட முடியாது.
இதை அவர் எப்போதும் இருமுறை சொல்வார்.

பொத்தானை அழுத்தினேன்.
டக் டக் டக் டக். பிறகு நீண்ட ட்ர்ர்ர்.
காதடைப்பானையும் தாண்டி
எலும்பு வழியாக ஏறுகிற சத்தம்.
முதல்முறை வருகிறவர்கள் பாதியில் மணியடிப்பார்கள்.
அவர் அடிக்கவில்லை.

நின்றது.
"முடிந்துவிட்டதா?"
முடிந்தது என்றேன்.
ஒலிபெருக்கியில் அவர் மூச்சு மட்டும்.
"இன்னொரு முறை ஓட்டுங்களேன்."
ஏன்?
"அது ஓடும்போது
இது இல்லை."

அதை எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

மூன்று வாரம் கழித்துப் படம் வந்தது.
வழக்கமாகக் காட்டுவதில்லை. அவர் கேட்டார்.
திரையில் வண்ண வண்ணமாய் இழைகள்.
துணியில் பிசிறு தேடுகிறவர்போல
கண்ணாடிமேல் விரலை ஓட்டினார்.
"அறுந்தது ஒன்றும் இல்லையே."
இல்லை, என்றார் டாக்டர்.
"விழுது மாறிக் கோத்திருக்கிறது.
தறியில் என்றால் அவிழ்த்துத் திரும்பக் கோக்கலாம்.
அரை நாள் வேலை. இதை?"
டாக்டர் பேனாவை எடுத்தார்,
மூடி வைத்தார்.
"தெரியாது."

எனக்கு வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது.
படம் எடுத்த எட்டு நிமிடமும்
அவருக்கு அது கேட்கவே இல்லை.
ஆனால் படத்தில் அவள் நிற்கிறாள்,
காவலோடு, வாசலைப் பார்த்தபடி.
கேட்காதபோதும்.

இன்னும் ஒன்றை நான் யாரிடமும் சொல்லவில்லை.
அன்று இரவு, அடுத்தவர் நடையில் காத்திருக்க,
எதையும் பதியாமல்
இரண்டு நிமிடம் ஓட்டினேன்.
என் சன்னலிலிருந்து பாதங்கள் மட்டும்தான் தெரியும்.
சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை,
இடது குதிகாலில் வேறு நிற நூலால் தையல்.
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தவை
விலகின, ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தன,
படுக்கையில் தனியாகப் படுத்திருப்பவர் பாதம்போல.

நிறுத்தினேன்.
முதலில் வலது கட்டைவிரல் மடங்கியது.