ஏழாம் குளம்

பசி வந்தால் பத்தும் பறக்கும்.
இதற்குப் பறக்க இருப்பது
இரண்டே வால்.

யாஸ்னா குத்தீப்பா திங்களன்று குழாயைத் திருகி மூடினாள்.
ஏழாம் குளத்துக்கு இனி நைட்ரேட் இல்லை.
பச்சையாய்த் துள்ளிக்கொண்டிருந்த அத்தனையும்
புதன்கிழமை வாலை உதறின.
உருண்டு திரண்டு
தோலைத் தடிப்பாக்கிக்கொண்டு
அடியில் போய் உட்காரப் பார்த்தன.
துடுப்புச் சக்கரம் விடவில்லை.

வெயிலோ அடகாமாவின் வெயில்.
மேகம் என்ற சொல்லைக்
கடலோரத்திலேயே இறக்கி வைத்துவிட்டுத்தான்
இங்கே ஏறி வர வேண்டும்.
நிழலில்லை, தீனியில்லை,
வேறு வழி தெரியாமல் நுண்பாசி
தனக்குத்தானே ஒரு குடை தைத்துக்கொள்கிறது
நடுவிலிருந்து ஓரத்துக்கு
சிவப்பு நூலில்.

அந்தக் குடையைப் பிடுங்கித்தான் விற்கிறோம்
என்பான் எலிசேயோ, சக்கரங்களுக்கு எண்ணெய் போடுகிறவன்.
ஒசாகாவில் யாரோ ஒருவர்
காலைச் சாப்பாட்டுக்குப் பின் விழுங்குவார்,
கண்ணுக்கு நல்லதென்று.
யாஸ்னாவின் கண்
விடிய விடிய லென்ஸில் ஒட்டி எரிகிறது.

இதில் ஒரு வேடிக்கை.
வேலிக்கு அப்பால் பார்த்த இடமெல்லாம் வெடியுப்பு.
ஒரு காலத்தில் கப்பல் கப்பலாக
ஊரார் வயலுக்கெல்லாம் இந்தப் பாலைதான் உரம் போட்டது.
தோண்டிய குழிகள் இன்னும் வாய் மூடவில்லை.
அதே மண்ணில் நின்று
ஒரு குளத்தைப் பட்டினி போட
அவளுக்கு மாதச் சம்பளம்.

சனிக்கிழமை பின்னிரவு, மூன்றே கால்.
நுண்ணோக்கியில் ஒரு சொட்டு.
பாதி சிவந்திருக்கிறது, நல்லது.
அப்புறம், ஓர் உருண்டையின் முதுகில்
நிறமே இல்லாத சின்னப் பரு.
பக்கத்து உருண்டையில் இரண்டு.
தகட்டை நகர்த்தினாள்.
நகர்த்திய இடமெல்லாம் இருந்தது.

பூஞ்சை.
விட்டால் உறிஞ்சித் தீர்த்துவிடும்,
பழுப்புத் தண்ணீர் மிஞ்சும்.

இக்கிகேயில் மேலாளரின் தொலைபேசி
பதினோரு முறை அடித்து ஓய்ந்தது.
அனுமதியில்லாமல் அறுவடை கூடாது, விதி.
இன்னும் இரண்டு நாள் போனால்தான் நிறம் முற்றும்,
அதுவும் விதிதான், ஆனால் பாசியுடையது.
எலிசேயோவை எழுப்பினாள்.
இடது காலணியை வலதில் மாட்டிக்கொண்டு வந்தான்.

வால்வைத் திறந்தார்கள்.
சுழல் இயந்திரம் ஊளையிட்டது.
குளிரில் இரும்பு
விரலோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.
ஆறு மணிக்குத் தட்டுகளில்
செங்கல் நிறச் சேறு, நாற்பது கிலோ.
குனிந்து முகர்ந்து,
நனைந்த கல், என்றாள்.
மீன், என்றான் அவன்.

அவன் வாய் பலித்தது.
நிறம் போதாததால் மாத்திரைக்கு ஆகாதாம்.
தெற்கே வளர்ப்புக் கூண்டுகளில்
வெளிறிக் கிடக்கும் சால்மன்களுக்குத் தீனியாகப் போகும்.
தட்டுக்கு வருமுன் சதை சிவக்க வேண்டுமே.

படிவத்தில் இழப்புக்குக் காரணம் என்ற கட்டத்தில்
பூஞ்சை என்று எழுதியிருந்தாள்.
மேலாளர் அதை அடித்துவிட்டு
அவசரம் என்று எழுதி
கையெழுத்துக்கு நீட்டினார்.
ஊக்கத்தொகையில் பிடித்தம்.
பேனாவை வாங்கி
அடித்த சொல்லுக்கு மேலே
மறுபடியும் பூஞ்சை என்று எழுதி
அதற்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.

நகக்கண்ணில் சிவப்பு போகவில்லை,
சோப்புக்கும் எலுமிச்சைக்கும்.
எண்ணெயில்தான் கரையும் அது,
அவளுக்குத் தெரியாததா?
கிண்ணத்தில் இரண்டு கரண்டி ஊற்றி
விரல்களை ஊற வைத்தாள்.
மெல்ல மெல்ல
எண்ணெய் அந்தியாயிற்று.

கொட்டத்தான் எழுந்தாள்.
நின்றாள்.
பிறகு அதை வாணலியில் விட்டு
அடுப்பைப் பற்றவைத்து
ஒரு முட்டையை உடைத்தாள்.