ஒப்பீட்டுக் குழு

எனக்குச் சம்பளம் எண்ணுவதற்கு.
எது நடந்தது, எது கவிழ்ந்தது,
கவிழ்ந்ததில் எதன் உணர்கொம்பு இன்னும் ஆடுகிறது.
லிண்டன் மரத்தடியில் பொறுக்கிய பூச்சிகள்;
எங்கள் செக் மொழியில் ருமெனித்சே,
கன்னம் சிவத்தல் என்ற சொல்லுக்குத் தங்கை.
குடுவைக்கு இருபது.

பாதிக்கு ஊசியில் ஹார்மோன்,
மீதிக்கு வெறும் உப்புநீர்.
எட்டே மணி கோத்த சரம் அந்த ஹார்மோன்.
மூளைக்குப் பின்னே, கடுகை உடைத்து
அதில் ஒரு துணுக்கை உடைத்தாற்போல் ஒரு சுரப்பி,
வெயிலோ விஷமோ பட்டினியோ வந்தால்
தானே அவிழ்த்துவிடும் சரம்.
அதைத்தான் நாங்கள்
ஆபத்து வருமுன்பே கொடுத்துப் பார்க்கிறோம்.

வீரம் என்று நினைத்துவிட வேண்டாம்.
அது களஞ்சியச் சாவி.
சேர்த்த கொழுப்பையெல்லாம் இரத்தத்தில் இறக்கி
எடு, இப்போதே எடு என்கிறது.
வளர்வது பிறகு.
முட்டை பிறகு.

ஜூலை. வல்தாவா ஆறே வியர்த்துக் கிடந்த இரவு.
இரண்டு பத்துக்கு மின்சாரம் போனது.
காவலாளி வெந்தெலின் டார்ச்சோடு ஏறி வந்து
"ஜெனரேட்டர் இருமுகிறது, எழுந்திருக்க மாட்டேன் என்கிறது" என்றார்.
தகரக் கூரைக்குக் கீழே எங்கள் அறை.
முப்பத்தெட்டு. நாற்பது.
நிலவறையில் பனிக்கட்டி இருந்தது.
நான்கு மாடி, பதினொரு முறை,
ஒவ்வொரு முறையும் எழுபத்திரண்டு படி.
எண்ணினேன், வேறென்ன தெரியும் எனக்கு?

பதினொன்றாம் முறை வாளியை வைத்துவிட்டு நின்றபோது
இருட்டில் கேட்டது:
வடிதாளின் மேல் நூற்றுக்கணக்கான கால்கள்,
தூறல் தொடங்குவது போல.
காதை ஒரு குடுவையில் வைத்தேன், அடுத்ததில் வைத்தேன்.
ஹார்மோன் எது, உப்புநீர் எது?
எல்லாம் ஒரே தூறல்.
ஊசிக்குக் காத்திராமல்
அவையவை தம் சரத்தைத் தாமே அவிழ்த்திருந்தன.

எட்டு மணிக்கு டாக்டர் போஹுமிலா வந்தார்.
"உப்புநீர்க் குழு எப்படி?"
"அப்படி ஒரு குழு இப்போது இல்லை" என்றேன்.
மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
துடைத்ததையே மறுபடி துடைத்தார்.
"சரி. எண்ணிவிட்டுக் கொட்டிவிடு."

நூற்று நாற்பதில் தொண்ணூற்றாறு.
கொட்டவில்லை. லிண்டன் மரத்தடியில் விட்டேன்.
குளிர்ந்த நிழலில் மற்றவை விதை தேடி அடங்க,
ஒன்று மட்டும் வேரைச் சுற்றிச் சுற்றி நடந்தது.
மின்சாரம் வந்துவிட்டதென்று
யாரும் அதனிடம் சொல்லவில்லை.

நேற்று மாலையிலிருந்து சாப்பிடவில்லை, பசிக்கவுமில்லை.
பையில் பிரிக்காத கடிதம்:
செப்டம்பருக்குப் பிறகு வேலை உண்டா, இல்லையா.
பிறகு.
மூன்றாம் எண் பேருந்து காலியாக வந்தது.
அத்தனை இருக்கைகள்.
நான் உட்காரவில்லை.