ஆயிரத்துப் பத்து

மூடிக்கு அடியில் ஒட்டியிருந்த பொட்டலத்தில்
ஏழு கிராம் ஈஸ்ட்.
டப்பாவுக்குள் தார் மாதிரி மால்ட்.
காலாவதி: அடுத்த மாதம்.
கப்பலிலிருந்து இறங்கும்போது வாங்கிவந்தவர்
'அடுத்த லீவுக்கு' என்று பரணில் ஏற்றிவிட்டு
மறுபடி கப்பலேறினார்.

அடுத்த லீவுக்கு ஏழு மாதம்.
ஈஸ்ட்டுக்கு அது தெரியாது.

குளிர்ந்த, வெளிச்சம் படாத இடத்தில் வைக்கவும்
என்கிறது குறிப்புத் தாள்.
மார்த்தாண்டத்தில், மார்ச்சில், மாடி வீட்டில்
அப்படியொரு இடத்தை நீயே காட்டு
என்று தாளிடம் கேட்டேன்.
லாகருக்குப் பன்னிரண்டு டிகிரி வேணுமாம்.
எனக்கும்தான் வேணும்.

லேபுக்கு மருந்து வரும் தெர்மோகோல் பெட்டிகளில்
ஜெல் பொதிகள் சும்மா கிடக்கும்.
பதினெட்டு எடுத்துவந்தேன்.
ஒன்பது ஃப்ரீசரில், ஒன்பது வாளியைச் சுற்றி.
காலை ஆறுக்கும் இரவு ஒன்பதுக்கும் ஆள் மாற்றம்,
நர்ஸ்களுக்கு ஷிப்ட் மாறுவது போல.
மீன் வைக்க இடமில்லாமல்
மூன்று வாரம் முட்டை தின்றேன்.
பதினாலுக்குக் கீழே இறங்கமாட்டேன் என்றது வாளி.
சரி, பதினாலு.

இரண்டு நாள் சத்தமே இல்லை.
செத்த ஈஸ்ட்டுக்கா இத்தனை பணிவிடை?
மூன்றாம் ராத்திரி, இரண்டு மணிக்கு,
மூடியில் செருகிய வளைகுழாய்த் தண்ணீரில்
பைய ஒரு குமிழி.
வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.
பன்னிரண்டு விநாடிக்கு ஒன்று.
விடியும்போது ஒன்பதுக்கு ஒன்று.

கீழ்வீட்டுக்காரர் ஞானசிகாமணி,
வெள்ளிதோறும் ஜெபக்கூட்டம் நடத்துகிறவர்,
படிக்கட்டில் மறித்தார்.
'மேல என்னவாக்கும் புளிச்ச மணம்?'
'ஆப்ப மாவாக்கும், அண்ணாச்சி.'
'ஒரு வாரமாவா?'
'நெறைய மாவு.'

பெட்டியில் வந்த அளவுக்கண்ணாடி
வரும்போதே உடைந்திருந்தது.
நாகர்கோவில் சர்ஜிக்கல் கடையில்
சிறுநீர் அடர்த்தி பார்க்கிற மிதவை வாங்கினேன்.
புதுசு. என் சொந்தக் காசு. சத்தியமாக.
ஆயிரத்து நாற்பதில் ஆரம்பித்தது
ஆயிரத்து இருபத்திரண்டுக்கு வந்தது.
பிறகு ஆயிரத்துப் பத்து.
மறுநாளும் பத்து.
அதற்கு மறுநாளும்.

எந்நேரம் பார்த்தாலும் பத்திலேயே நின்றால்
ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு ஆள் அனுப்புவோம்,
சிறுநீரகம் கைவிட்டிருக்கும்.
வீட்டில் நான் பாட்டில் கழுவினேன்.

முப்பது பாட்டில், ஆக்கர்க் கடையில் பொறுக்கியவை.
ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பூன் சீனி.
பதினேழாவதில் போன் அடித்தது. சிங்கப்பூர்.
'என்ன செய்யுத?'
'சும்மா இருக்கேன்.'
போனை வைத்துவிட்டு
பதினேழாவதுக்குச் சீனி போட்டேன்.

அதற்கு ஏற்கனவே போட்டிருந்தது
இரண்டு வெள்ளி கழிந்து,
கீழே ஜெபம் உச்சத்தில் இருந்தபோது தெரிந்தது.
டமார்.
கூரையெல்லாம் நுரை.
கழுத்து மட்டும் மூடியோடு அலமாரிக்கடியில்.
கீழே ஒரு விநாடி அமைதி.
அப்புறம் முன்னைவிடப் பலமாக
அல்லேலூயா.

மறுவாரம் ஒன்றைத் திறந்தேன்.
பச்சை ஆப்பிள் வாசம். பிஞ்சு.
திறந்த மூடியைத் திரும்ப மூடி என்ன செய்ய?
நெத்திலி பொரித்தேன், மரச்சீனி அவித்தேன்,
பிஞ்சையே குடித்தேன்.
மிச்சத்தை நாலு நாலாக
ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் படுக்கவிட்டேன்.
அது குளிரில் கிடந்தே ஆகவேண்டுமாம்;
அதற்குமேல் நான் செய்ய ஒன்றுமில்லையாம்.
கை சும்மா இருப்பதுதான் எனக்குக் கஷ்டம்.

ஜூனில் மழை பிடித்தது.
ஒரு பாட்டிலைச் சன்னலுக்கு நேரே தூக்கினேன்.
அதன் வழியே எதிர்வீட்டு ரப்பர் மரங்களின்
சிரட்டைகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன.
ஆப்பிள் போயிருந்தது.
வறுத்த ரொட்டி ஓரத்தின் ருசி, கொஞ்சம் கசப்பு,
பிறகு ஒன்றுமில்லாத ஒரு சுத்தம்.
இரண்டாவது கிளாஸும் ஊற்றினேன்.

அக்டோபருக்கு எத்தனை மிஞ்சும் என்று
நான் எண்ணிப் பார்க்கவில்லை.

'மாவு தீர்ந்துதா?' என்றார் ஞானசிகாமணி,
குடையை மடக்கிக்கொண்டே.

'தீருது, அண்ணாச்சி.'