ஐசியில் எழுபத்தொன்பது

என் வயதைப் போட்டது எஸ்டேட் கிராணி.
எந்த வருசம் என்று அப்பாவுக்குத் தெரியவில்லை.
"பெரிய வெள்ளம் வந்தப்போ" என்றாராம்.
கிராணிக்கு ஞாபகம் இருந்தது வேறொரு வெள்ளம்.
நாலு வயது கூடிப்போச்சு.

லாபம்தான் அப்போது.
பன்னிரண்டில் பதினாறு என்று பெரட்டில் நின்றேன்,
பெரியாள் சம்பளம்.
ஐம்பத்தொன்றிலேயே சேமநிதி கைக்கு வந்தது.
இப்போதுதான் இடிக்கிறது.

இடது பக்கம், அக்குளை ஒட்டி
கொட்டைப்பாக்களவு.
குளிக்கும்போது தட்டுப்பட்டது.
தீபாவளிக்கு எட்டு வீட்டு முறுக்கு ஆர்டர் பிடித்திருந்தேன்,
அது முடியட்டும் என்றிருந்தேன்.
முடிந்தபோது பாக்கு கொஞ்சம் வளர்ந்திருந்தது.

பகாவ் கிளினிக்கில் சிரம்பானுக்கு எழுதிக் கொடுத்தார்கள்.
ஜொகூரிலிருந்து மகேந்திரன் வந்தான்,
காரில் ரேடியோவைக்கூடப் போடவில்லை.
ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவனிடமே பேசினார்கள்.
"அம்மாவுக்கு என்ன வயசு?"
"எழுபத்தொன்பது."
சொன்னதும் அவர்கள் முகத்தில்
ஒரு கணக்கு முடிந்த நிம்மதி.

மருமகள் போனில் சொன்னாள்:
"இந்த வயசில் எதுக்கு வெட்டிக்கிட்டு,
இருக்கிற வரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்."
நிம்மதி.
என்னைக் கேட்காமல் எனக்கு எடுத்த சேலை.
கலர் பிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

பெரிய டாக்டர் என்று பார்த்தால் சின்னப் பெண்.
ஊய் என்று சட்டையில் பேர்.
ஐசியைப் புரட்டிப் பார்க்காமலே மேசையில் வைத்தாள்.
மலாயில் என்னிடம் கேட்டாள்:
கடைக்கு யார் போவது?
கேஸ் தீர்ந்தால் யார் மாற்றுவது?
கடைசியாக எப்போது விழுந்தீர்கள்?
எழுந்து அந்தக் கோடு வரை நடந்து வாருங்கள்.
பதினோரு வினாடி.
ஏதோ ஒரு கருவியைக் கையில் கொடுத்து இறுக்கச் சொன்னாள்.
இறுக்கினேன்.
முள்ளைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

கடிகாரம் ஒன்று வரையச் சொன்னாள்,
பதினொன்று பத்து.
கை அதுபாட்டுக்கு நாலரைக்குப் போனது.
பெரட்டு நேரம்.
ரப்பர் கேட்டு வாங்கி, அழித்து, சரியாகப் போட்டேன்.

பிறகு நான் கேட்டேன்.
இருபத்திரண்டு வருசம் முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு
செம்பனைக்கு நடுவே மருந்தடித்தேன்.
புல்லைச் சாகடிப்பதற்கும் மருந்து என்றுதான் பேர்.
அதனாலா?

பேனாவை மூடினாள், திறந்தாள்.
"தெரியாது, ஆன்டி."
தண்டல், மேனேஜர், எத்தனையோ டாக்டர்,
என் எதிரே உட்கார்ந்து தெரியாது என்று சொன்ன
முதல் ஆள் இவள்.
அங்கேதான் நம்பினேன்.

மாத்திரை மட்டும் என்றால்
சில வருசம் அடங்கிக் கிடக்கும், பிறகு சொல்ல முடியாது.
வெட்டினால் இரண்டு ராத்திரி இங்கே,
அதற்கப்புறமும் மாத்திரை உண்டு, எலும்பு கொஞ்சம் நோகும்.
மயக்கமருந்தை உங்கள் நெஞ்சு தாங்கும்
என்று நினைக்கிறேன் என்றாள்.
மகேந்திரன் வாயெடுத்தான்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
நாற்காலியை மட்டும்
என் பக்கமாகக் கொஞ்சம் திருப்பிப் போட்டாள்.

"வெட்டுங்க" என்றேன், தமிழில்.
அவளுக்கும் புரிந்தது.

வலித்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.
குழாயில் சிவப்புத் தண்ணீர், ஒரு வாரம்.
கண்ணாடி முன் சட்டையில்லாமல் நிற்க
இன்னும் ஒரு மாதம்.
இடப்பக்கம் தட்டை. மேலே நீளமாக ஒரு தையல்,
சைக்கிள் ஓடிய செம்மண் தடம் மாதிரி.
மகேந்திரன் தினமும் ராத்திரி எட்டுக்குக் கூப்பிட்டு
"மாத்திரை போட்டியா" என்கிறான்.
நான் போடுவது காலையில், பசியாறியதும்.
அதை அவனிடம் சொல்வதில்லை,
கூப்பிடட்டும்.

சுவரில் விரலை நண்டு மாதிரி ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள்.
எட்டிய இடத்தில் பென்சில் கோடு.
முறுக்கு அச்சை இடது கை இன்னும் பிழியமாட்டேன் என்கிறது,
இந்த வருசம் மூன்று வீட்டுக்குத்தான் ஒத்துக்கொண்டேன்.
கிராணி எடுத்துக்கொண்ட நாலு வருசத்தை
எங்கே போய்க் கேட்பது?
இன்றைக்கு நேற்றைவிட
அரை விரல் மேலே.